ஒன்றுமில்லாததைப் படம் எடுத்தவள்

மூடியைக் கழற்றாமல் படம் எடுக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் யாராவது மறதியாக அப்படி எடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. இவள் வேண்டுமென்றே எடுப்பாள். காலையில் வந்ததும் கேமராவைத் துடைப்பாள். லென்ஸுக்கு மூடியை இறுக்கமாக மாட்டி, அதற்கும் மேலே கறுப்புத் துணியைப் போர்த்தி, வரிசையாகப் படம் எடுப்பாள். கணினித் திரையில் கன்னங்கரேலென்று ஒன்றுமே இருக்காது. அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் மெதுவாகப் பக்கத்தில் போய், "அம்மணி, மூடியை எடுக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றேன்.

"மறக்கலீங்க சார். இந்தக் கேமரா எவ்வளவு பொய் சொல்லுதுன்னு பார்த்துட்டு இருக்கறேன்."

"கேமரா பொய் சொல்லுமா?"

"வெளிச்சமே இல்லாதப்ப ஒண்ணும் தெரியலீன்னுதான சொல்லோணும்? இது என்னமோ தெரியுதுங்குது பாருங்க." திரையில் ஏதோ ஒரு கோட்டை நகர்த்தி இருட்டை மட்டும் பிரித்துக் காட்டினாள். கறுப்பு முழுவதும் ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். ஓர் ஓரத்தில் மட்டும் அதிகம். "இது அதோட சொந்தச் சரக்கு. முதல்ல இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கழிச்சாத்தான் மிச்சம் இருக்கறது இலையோட சங்கதி. இந்தப் பழைய கேமரா ரொம்பப் பேசுது. நம்ம வேலைக்கு ஆகாதுங்க."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "நான் சொன்னதுல எத்தனை நீங்களா சேர்த்தது?" என்று குறுக்கு விசாரணை செய்வாள். அவள் இப்போது வெளியூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நான் தோட்டக்கலை உத்தியோகத்தில் இருப்பவன். முள்ளுக்குறிச்சிக்காரன். கொல்லிமலையில் இருந்த ஐந்தாறு வருஷமும் தினமும் வண்டியில் மலையேறி, சாயங்காலம் இறங்கி வீடு வந்தவன். அந்தக் காலத்தில்தான் மலையில் ஒரு மிளகுத் திட்டம் வந்தது. அதற்கு நான் துணை. படப் பிரிவுக்கு அவள். எடப்புளி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) பிறந்தவள், இயற்பியல் படித்துவிட்டுச் சென்னையில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குக் கேமரா பொருத்திக்கொண்டிருந்தவள், சொந்த மலையில் வேலை என்றதும் கிளம்பி வந்துவிட்டாள். அவளுக்குப் பணிவு என்ற ஒன்றை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் கற்றுக்கொள்ள ஆசைப்படவில்லை.

திட்டம் இதுதான். அதற்கு முந்தைய மழையில் வாடல் நோய் வந்து, மலையில் பல தோட்டங்களில் மிளகுக் கொடிகள் சில்வர் ஓக் மரத்தோடு மரமாகக் காய்ந்து தொங்கின. புதிதாக நட ஆரோக்கியமான கொடித்துண்டு வேண்டும். நல்ல தோட்டம் ஒன்றைத் தாய்த் தோட்டமாகத் தேர்ந்தெடுத்து, அதன் கொடிகளை வெட்டி நாற்றங்காலில் வைத்து, எல்லா நாட்டுக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. தாய்க்கொடியிலேயே நோய் ஒளிந்திருந்தால், நாமே வீடு வீடாக நோயைக் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்ததாக ஆகும். அந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேர் அழுகிக்கொண்டிருக்கும், மேலே இலை பச்சைப் பசேலென்று சிரித்துக்கொண்டிருக்கும். இலை மஞ்சளாகும்போது கதை முடிந்திருக்கும்.

இலையை அரை மணி நேரம் இருட்டில் வைத்து, சட்டென்று நீல வெளிச்சம் அடித்தால், அது மிக மங்கலான ஒரு கருஞ்சிவப்பு ஒளியைத் திருப்பித் தருமாம். நம் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக இருக்கும் இலை ஒரு மாதிரி தரும், கஷ்டத்தில் இருக்கும் இலை இன்னொரு மாதிரி தரும். வித்தியாசம் இம்மியளவுதான். அந்த இம்மியைப் பிடிக்கிற கேமரா எது, லென்ஸ் எது என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. வாங்க முடிந்தது ஒரே ஒரு கேமரா. தப்பாக வாங்கினால் மலை முழுக்கத் தப்பு.

பொய்யை முதலில் பார்ப்பது என்ற அந்தக் குணம் அவளுக்குக் கேமராவோடு நிற்கவில்லை. கடையில் சர்க்கரை வாங்கினால், தட்டில் எதையும் வைக்கும் முன், "அண்ணா, வெறும் தட்டு எவ்வளவு காட்டுது?" என்று எட்டிப் பார்ப்பாள். கடைக்காரருக்குச் சுருக்கென்று வரும். பஸ் கண்டக்டர் ஒருவர் எப்போது கேட்டாலும் "அஞ்சு நிமிஷம்" என்பார். அவரைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, "அவரோட அஞ்சு நிமிஷம்னா நம்ம கால் மணி நேரமுங்க. ஆனா ஒரு நாளும் மாறமாட்டார். நம்பிக்கையான ஆளு" என்றாள். தப்பு ஒரே மாதிரி இருந்தால் அவளுக்குக் கோபமே கிடையாது. கூட்டிக் கழித்துக்கொள்வாள்.

என்னையும் அளந்து வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் நான் ஏதோ படத்தைப் பார்த்து, "அருமையா வந்திருக்குது அம்மணி" என்றேன். அவள் பக்கத்தில் இருந்த உதவிப் பெண்ணிடம், "சார் அருமைன்னா சுமார்னு எழுதிக்க. சாருக்கு வெளுத்ததெல்லாம் பாலு" என்றாள். நான் முறைத்தேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் என் வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள்.

கேமரா தேர்வில் முதல் சண்டை திட்ட அதிகாரியோடு. அவர் நல்ல மனிதர். தாவரவியலில் பெரிய படிப்பு. ஆனால் அவருக்கு வண்ணக் கேமராதான் வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்குக் கலரில் காட்டினால்தான் புரியும் என்பது அவர் கட்சி. மெகா பிக்சல் அதிகமாக ஒன்றை அவரே பார்த்து வைத்திருந்தார். இவள் கேட்டதோ கறுப்பு வெள்ளை. மெகா பிக்சலும் அதில் கால்வாசி.

"இந்தக் காலத்துல யாரும்மா கறுப்பு வெள்ளை வாங்குவாங்க?" என்றார் அவர்.

"சார், கலர் கேமராவுல நாலு கண்ணுக்கு ஒரு கண்ணுதான் சிவப்பைப் பார்க்கும். மிச்சம் மூணும் பச்சைக்கும் நீலத்துக்கும். நமக்கு வேண்டியது கருஞ்சிவப்பு மட்டும். மூணு கண்ணு சும்மா தூங்கறதுக்கா வாங்கறோம்? அப்புறம், கண்ணு எத்தனைங்கறதைவிட ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு பெருசுங்கறது முக்கியம். பெரிய கண்ணுல நிறைய வெளிச்சம் புடிக்கும்."

அவர் யோசித்தார். பிறகு, "சரி, பார்க்க வரவங்களுக்கு நீயே விளக்கம் சொல்லிக்கோ" என்று விட்டுக்கொடுத்தார். தலைவலியை அவள் தலையிலேயே கட்டிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அப்புறம் பிட் கணக்கு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கேமரா எத்தனை நிறபேதம் பிரித்துச் சொல்லும் என்பதுதான் அது. சாதாரணப் படத்தில் இருநூற்றைம்பத்தாறு. அவள் கேட்ட பதினாறு பிட் படத்தில் அறுபத்தையாயிரத்துக்கும் மேலே. விற்பனைக் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் மாதிரிக் கேமராவோடு மலையேறி வந்தார். வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் அரை மணி நேரம் படுத்துக்கொண்டார். எழுந்ததும், "பதினாறு பிட், மேடம்" என்று ஆரம்பித்தார்.

அவள் வழக்கம்போல மூடியோடு சில படம், மூடி இல்லாமல் வெள்ளைத் துணியைச் சில படம் எடுத்தாள். படத்தில் எந்த நிறம் எத்தனை தடவை வருகிறது என்று காட்டும் கோட்டுப் படத்தை விரித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இடைவெளி. பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இது பதினாறுங்கறீங்க. ஆனா எண்ணெல்லாம் பதினாறு பதினாறா தாவுது. நடுவுல ஒண்ணும் இல்ல. பன்னெண்டு பிட்டுக்குப் பதினாறு பிட் சட்டை போட்டு உட்டிருக்குது."

அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றார், நிஜமாகவே தெரியாமல்தான். அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வரவழைத்தாள். இரண்டு பேருமாகக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கேமராவில் வேகமாக எடுக்க ஒரு முறை, நிதானமாக எடுக்க ஒரு முறை. வேகத்தில் வைத்தால் பன்னிரண்டுதான் தரும், சேமிக்கும்போது மட்டும் பதினாறு என்று எழுதிக்கொள்ளும். நிதானத்தில் வைத்ததும் சீப்பின் பல்லெல்லாம் முளைத்துக்கொண்டன. அவள் மறுபடி மூடியை மாட்டிப் பார்த்தாள். ரவை குறைவு, அதுவும் எங்கும் ஒரே சீர்.

"அவசரப்படுத்தினாத்தான் பொய் சொல்லுது. நிதானமா கேட்டா ஒழுங்கா சொல்லுது. இது போதும்" என்று அதையே எடுத்துக்கொண்டாள். அந்த இளைஞர் இன்றைக்கும் புதுக் கேமரா வந்தால் முதலில் அவளுக்கு அனுப்பித்தான் பார்க்கச் சொல்கிறாராம்.

லென்ஸ் கதை இன்னும் வேடிக்கை. மூன்று லென்ஸ் மாதிரிக்கு வந்திருந்தன. அதில் ஒன்று, அருகில் தூரத்தில் எல்லாம் இழுத்துப் பார்க்கிற பெரிய ஜூம். தானாகவே தெளிவு பார்த்துக்கொள்ளும். எனக்கு அதுதான் பிடித்தது. அவள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மூடுபனி வந்து எதிர் மேட்டை மறைத்திருந்தது. நாங்கள் பனி விலகட்டும் என்று காத்திருப்போம். இவள் பனி வரட்டும் என்று காத்திருந்தாள். வந்ததும் அந்த வெள்ளையையே படம் எடுத்தாள். ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, பனியை, பனியை மட்டும்.

தேயிலைப் பொட்டலத்தோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அங்க என்ன தெரியுதுன்னு போட்டோ புடிக்கற?" என்றார்.

"ஒண்ணும் தெரியலீங்க. அதத்தான் புடிக்கறேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். திரையில் பார்த்தால், ஜூம் லென்ஸில் நடுவில் வெளுப்பு, நாலு மூலையும் கருக்கல். இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் மங்கல். மூன்றாவது, நீட்டவும் முடியாது மடக்கவும் முடியாது, தெளிவைக் கையால் திருகி ஒரு சின்னத் திருகாணியால் இறுக்கி வைக்க வேண்டும். பார்வைக்குக் குழாய்த் துண்டு மாதிரி இருந்தது. அதில் பனி மூலைக்கு மூலை ஒரே வெள்ளை.

"ஒண்ணுமில்லாததை ஒழுங்கா எடுக்கத் தெரியாத லென்ஸு, இலையை எப்படிங்க சார் ஒழுங்கா எடுக்கும்?" என்று அந்தக் குழாய்த் துண்டையே வைத்துக்கொண்டாள்.

இப்படி எல்லோருடைய பொய்யையும் பிடித்தவள் தன்னுடையதைக் கோட்டைவிட்ட ஒரு நாளும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அவளே கோபித்துக்கொள்வாள். கேமரா வாங்கும்போது, உள்ளே பனிக்கட்டியைவிடக் குளிராக வைக்கிற வசதி வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கியிருந்தாள். குளிராக இருந்தால் அந்த ரவைப் புள்ளி குறையுமாம். முதல் தடவை வெளியே கொண்டுபோய், எங்கள் நிலையத்துத் தோட்டத்திலேயே அதிகாரி முன்னால் வைத்தாள். படம் நடுவில் பால் கொட்டினாற்போல் வெளுத்திருந்தது. லென்ஸைத் துடைத்தாள். வயரை மாற்றினாள். "சார், நீங்க கொஞ்சம் அக்கட்டால நின்னு மூச்சு உடுங்க" என்று என்னைத் துரத்தினாள். வெளுப்பு வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் டார்ச் அடித்துக் கேமராவின் தொண்டைக்குள் பார்த்தாள். குளிர்ந்த கண்ணாடிமேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. சென்னையில் ஏசி அறைக்குள்ளேயே கேமரா வைத்துப் பழக்கம். இங்கே காற்றே ஈரம்.

அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மூடுபனிக்குள்ளயே பொறந்து வளர்ந்தவ நான். மூடுபனியைப் புடிச்சு லென்ஸு தேர்ந்தெடுத்தவ. அதுவே கேமராவுக்குள்ள வருமுன்னு தோணல பாருங்க!" அதிகாரி வாய் திறக்கும் முன் அவளே அவரிடம் போய், "தப்பு எம்மேலதாங்க. நாம எடுக்கறது கண் சிமிட்டற நேரப் படம், அதுக்கு இத்தனை குளிர் தேவையே இல்ல. பெரிய இடத்துல பார்த்த ஆசையில கேட்டுட்டேன்" என்றாள். குளிரைக் குறைத்து வைத்ததும் சரியாகிவிட்டது. அதிகாரி அன்றைக்குப் பிறகு கேமரா விஷயத்தில் அவள் சொன்ன எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை. பிறரிடம் தப்புக் கண்டுபிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சூட்டோடு தன் தப்பையும் தூக்கிக் காட்டுகிற ஆளை நான் பார்த்தது அவளை ஒருத்தியைத்தான். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அவளுக்கு ஓர் அண்ணன். எடப்புளி நாட்டில் தோட்டம். நோய் வந்த மழையிலும் அவர் கொடி ஒன்றுகூட வாடவில்லை. கொடிகள் மரத்தின் உச்சிக்கு ஏறி, சரம் சரமாகக் காய்க்கும். தாய்த் தோட்டம் தேர்வு என்ற பேச்சு வந்ததுமே, அவருடையதுதான் என்று மலையில் பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் டீக்கடையில், "இன்னும் ரெண்டு வருசத்துல மலை பூராவும் என்ற கொடிதான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சந்தை நாளில் ஒரு தரம் எங்களிடம் வந்து, கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை அழும்பு பண்ணுன? என்ற போன்லயே இதைவிட மெகா பிக்சல் கெடக்குது."

"ண்ணா, மிளகை வள்ளத்துல அளந்தா, ஒரு கைப்பிடி கொறஞ்சது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அது பெரிய படி. ஆழாக்கு வேணும்."

"உன்ற போனு வள்ளம். இது ஆழாக்கு. அப்புறம், போனு படத்தை அழகு பண்ணிக் காட்டும். இது பண்ணாது."

"அழகு பண்ணினா நல்லதுதான?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். தங்கையை நினைத்து அவருக்குப் பெருமை பொங்குவது எனக்கே தெரிந்தது. மறுவாரமே அவருடைய தோட்டத்தில் சோதனை என்று நாள் குறித்தார்கள்.

அன்று காலையில் தூறல் நின்று, வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நடமாடினார். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு ஒரு கூடாரம் கட்டியிருந்தோம். மேல் சரிவு, நடு, கீழ்ச்சரிவு என்று கொடிவாரியாக இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி இருட்டில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வைத்தோம். திரையில் இலைகள் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வந்தன. அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அண்ணன் குரல் ஒரு படி உயர்ந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. படத்திலிருந்து மூடிப் படத்தைக் கழித்தாள். லென்ஸின் ஏற்றத்தாழ்வு போகப் பனிப் படத்தால் வகுத்தாள். கறுப்பை ஒட்டிய கொஞ்சம் நிறபேதத்தை மட்டும் பிரித்துத் திரை முழுக்க விரித்தாள். கீழ்ச்சரிவு இலையில், நடு நரம்பை ஒட்டி, ஒரு திட்டு மங்கலாக இருந்தது. அடுத்த இலையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

கூடாரத்துக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். மவுஸ்மேல் இருந்த அவள் கை அசையவில்லை. அந்தப் படத்தை விரிக்காமல் விட்டிருந்தால், உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. விரித்ததை மூடிவிட்டாலும் நான் சொல்லியிருக்கப் போவதில்லை என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவள் இலையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தாள். திட்டு கேமராவுடையதாக இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். அது இலையோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

"சார்," என்றாள். "இன்னைக்கு என் கண்ணை நம்ப முடியாதுங்க. அண்ணன் தோட்டமுங்கறதால நான் வேணும்னே கடுமையா பார்க்கறேனோ என்னமோ. நான் திரும்பி உக்காந்துக்கறேன். இலையெல்லாம் கலைச்சுப் போட்டு, எது எந்தக் கொடின்னு சொல்லாம வெச்சு எடுங்க. நடு நரம்போரத்து வெளிச்ச எண்ணை மட்டும் வாய்விட்டுப் படிங்க."

அப்படியே செய்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். நான் படித்தேன். முடிந்ததும் அடையாளச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். எண் இறங்கிய இலைகள் எல்லாம் கீழ்ச்சரிவு. மேல் சரிவில் ஒன்றுகூட இல்லை.

அவள் கூடாரத்துணியை விலக்கி, திரையை ஊர் பார்க்கத் திருப்பி வைத்தாள். "ண்ணா, கீழ்ச்சரிவுக் கொடிங்க நல்லா இல்ல."

அண்ணன் கையில் டீ டம்ளர். "என்ன புள்ள சொல்ற? கண்ணைத் தொறந்து பாரு. பச்சைப் பசேல்னு நிக்குது."

"கண்ணுக்குத் தெரியறப்ப நேரம் தாண்டிப் போயிருமுண்ணா."

"நோயின்னு அந்தப் பெட்டி சொல்லுதா?"

"நோயின்னு சொல்லாது. கொடி கஷ்டப்படுதுன்னு மட்டும் சொல்லும். எதனாலன்னு வேரைப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா இந்தத் தோட்டத்துல இருந்து துண்டு வெட்டக் கூடாது."

அதிகாரிக்கே சங்கடமாகிவிட்டது. "வித்தியாசம் இம்மியளவுதானே இருக்கு. இன்னொரு நாள் வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவமா?" என்றார். "இன்னொரு நாள் வந்தா இலையோட எண்ணு இன்னும் எறங்கியிருக்குமுங்க" என்றாள் அவள்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "வேற எவ ஊட்டுப் புள்ளையாச்சும் வந்து சொல்லியிருந்தா, போடின்னு சொல்லியிருப்பேன். ஊரு முன்னால அண்ணன் தலையைக் குனிய வெச்சுட்டியே கண்ணு." கத்தவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. விடுவிடென்று வீட்டுப் பக்கம் போய்விட்டார். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் உள்ளே வந்து அடுத்த இலையை எடுத்தாள். கண்ணீர் லென்ஸ்மேல் விழுந்துவிடாமல் முழங்கையால் துடைத்துத் துடைத்து, மீதி இலைகள் எல்லாவற்றையும் எடுத்து முடித்தாள். பாதியில் நிறுத்துகிற ஜாதியில்லை அவள்.

கடைசி இலை முடியும்போது அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். யாரிடமும் பேசாமல் கீழ்ச்சரிவில் இறங்கி, நன்றாகத் தழைத்திருந்த ஒரு கொடியின் அடியில் பார்த்துப் பார்த்துத் தோண்டினார். பிறகு கையாலேயே மண்ணை விலக்கினார். தூர் வேர் சரியாகத்தான் இருந்தது. சல்லி வேர்களை இரண்டு விரலில் பிடித்து இழுத்தார். தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே கறுப்பு. முகர்ந்து பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.  சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

கீழ்ச்சரிவுக் கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, அங்கே தண்ணீர் தேங்காமல் கால்வாய் வெட்டினார்கள். மேல் சரிவு தப்பித்தது. எரித்த அன்று நானும் போயிருந்தேன். அண்ணன் தங்கையிடம் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு போடுகிறாள், சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். "எங்கண்ணன் கோவம் எத்தனை நாளுன்னு எனக்கு அளவு தெரியலீங்க சார். இதுக்கு முன்னால எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டதே இல்ல" என்று ஒரு நாள் சொன்னாள். எதையும் அளந்து வைத்திருப்பவள் சொன்ன வார்த்தை அது.

அடுத்த சோதனை வாழவந்தி நாட்டில், ஓர் அம்மாளுடைய தோட்டத்தில். சின்னத் தோட்டம்தான். மேடான இடம், தண்ணீர் நிற்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வாசல் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். எடப்புளியில் நடந்தது மலை பூராவும் பரவியிருந்தது. கொஞ்சம் கை கால் முளைத்தே பரவியிருந்தது.

"போட்டோ புடிச்சா கொடி செத்துருமாமா? அந்தக் கீழ்ச்சரிவு பூராம் எரிச்சுட்டாங்களாமே. எனக்கு இருக்கறதே இந்த நாலு மரம்தாங்க. வேண்டாமுங்க, போயிருங்க" என்றார். அதிகாரி பேசிப் பார்த்தார். நான் பேசிப் பார்த்தேன். அந்த அம்மாள் அசையவில்லை. படலுக்கு வெளியே பத்திருபது பேர் கூடி, அவர் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கேமராப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எடப்புளிக்காரி என்ன சொன்னாலும் அங்கே எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. அண்ணன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இறங்கி வந்து, எங்கள் ஜீப்பிலிருந்து கேமரா முக்காலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படலுக்கு நேரே போய் நின்றார். தங்கையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளைத்தான் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, எரிஞ்சது என்ற தோட்டம். கொடி செத்தது போட்டோவுல இல்லீங்க, வேருல. என்ற கையாலயே தோண்டிப் பார்த்தேன். இவ என்ற கூடப் பொறந்தவ. ஊரே பார்க்க, அண்ணன் கொடின்னும் பார்க்காம, நல்லா இல்லீன்னு சொன்னவ. அவ உங்க கொடியை நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா, அதை வெட்டிட்டுப் போயி நடற மொத ஆளு நானுங்க. என்ற தங்கச்சி வாயில பொய் வராது."

 எனக்குப் பக்கத்தில் நின்ற அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தாள். எனக்கோ, பெற்ற பிள்ளையை ஊர் மெச்சக் கேட்டவன் மாதிரி நெஞ்சு விம்மியது.

அந்த அம்மாள் அண்ணனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு படலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "மழை வரதுக்குள்ள எடுத்துரு சாமி" என்றார்.